இலையை விட்டு எழுந்த விருந்தாளி

என் ஓரகத்தி ஈஸ்வரியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷி என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே சுவரின் அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் குடித்தனம் நடத்துகிறோம். அந்தச் சுவரைத் தாண்டி வராத சண்டையும் இல்லை, குழம்பும் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சி வைப்பவள் அவள்தான். நான் புதுப் புடவை கட்டினால் முதலில் முகம் சுளிப்பவளும் அவள்தான். அப்படிப்பட்டவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இல்லை என்பவர்கள் அவள் வீட்டு வாசலில் போய்ச் சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் இருக்கிறது. தொழிற்பேட்டை வந்ததும், ரோட்டோரத்து வயலில் நெல்லை விட வாடகை நன்றாக விளையும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தன் பங்கை விற்று லாரி வாங்கினார், பிறகு லாரியையும் விற்றார், இப்போது ஒரு கம்பெனி கேட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். என் மூத்தார் ஆதிநாராயணனுக்கு அந்த அவசரம் இல்லை. பாதி நிலத்தில் நெல்லை விட்டுவைத்தார். மீதியில் மண் கொட்டி மேடாக்கி, வீட்டுக்குப் பின்னாலேயே சிமென்ட் ஷீட் போட்ட ரூம்களை வரிசையாகக் கட்டினார். கட்டியது அவர், ஆள்வது ஈஸ்வரி அக்கா. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் பொறாமைதான்.

அந்த ரூம்களில் இருப்பவர்கள் இரும்புக் கம்பெனிகளில் வேலை செய்கிற வெளிமாநிலத்துப் பையன்கள். பீகார், ஒரிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று ஆளுக்கொரு ஊர். எங்கள் ஊருக்கு அவர்கள் மொத்தமாக 'இந்திக்காரங்க'. அக்காவுக்கு எல்லோரும் 'பையா'. பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, காண்ட்ராக்ட் மாறினால் ஆளும் மாறப்போகிறான் என்பாள். வாடகையைக் கறாராக வாங்குவாள். தண்ணீர் மோட்டாரைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போடுவாள். முன் கேட் வழியாக யாரும் வரக்கூடாது, பின் சந்து வழியாகத்தான் வரவேண்டும். எப்போதாவது டீ கொடுத்தால் பேப்பர் கப்பில்தான் கொடுப்பாள். முன்பெல்லாம் அதற்குக் காரணம் கேட்டால் முறைப்பாள். கொரோனாவுக்குப் பிறகு 'சுத்தம்' என்று ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது.

கெட்டவள் என்று சொல்ல வரவில்லை. ஒரு பையனுக்குக் கம்பெனியில் கை வெந்துபோனபோது, தன் ஸ்கூட்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கட்டுப் போட்டு முடிகிற வரைக்கும் பெஞ்சில் காத்திருந்தவள் இவள்தான். தீபாவளிக்கு ரூமுக்கு ரூம் அதிரசம் போகும். கொடுப்பதற்கு அவள் அஞ்சியதே இல்லை. பக்கத்தில் உட்கார வைப்பதுதான் அவளால் ஆகாது.

இத்தனைக்கும் அவளே வெளியூரிலிருந்து வந்தவள். பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திரா எல்லையில் ஒரு கிராமம். அப்பாவை நைனா என்றும் காசை டப்பு என்றும் சொல்லி வளர்ந்தவள். வந்த புதிதில் அவள் வாயைத் திறந்தாலே இந்த வீட்டுப் பெண்களுக்குச் சிரிப்பாம். தெலுங்கச்சி என்று பெயரே வைத்துவிட்டார்களாம்.

"எதுனா பேசினா சிரிப்பாங்கன்னு பயந்துக்கினு ஊமச்சி மாரி கெடந்தேன்டி செல்வி. ஊட்டு நெனப்பு வந்தா அழுவறதுக்குக் கூட கொல்லைக்குத்தான் போவேன்" என்று இன்றைக்குச் சொல்லும்போதும் அவளுக்குக் கண் கலங்கும். கேட்கிற எனக்கும் கலங்கும்.

நந்தினி அவளுடைய ஒரே மகள். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம் படிக்கிறாள். அவள் இரண்டாம் வருஷத்துக்குப் போனபோது கல்லூரியில் மாணவர் பரிமாற்றம் என்று ஒரு திட்டம் வந்தது. ஒரிசாவில் பலாங்கீர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இங்கே வந்து ஒரு மாதம் படிப்பார்கள். பிறகு இங்கிருப்பவர்கள் அங்கே போவார்கள். ஹாஸ்டலில் போட்டால் அவரவர் கும்பலோடு இருந்துவிடுவார்கள், வீட்டில் தங்க வைத்தால்தான் நட்பு வளரும் என்று பெற்றோரைக் கூப்பிட்டு மீட்டிங் போட்டார்கள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள் அக்கா. பிரின்சிபால் 'வந்தாரை வாழவைக்கும் தமிழகம்' என்று ஆரம்பித்தார். அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்காவின் கை மேலே போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "இன்னாத்துக்கு அக்கா இந்த வேண்டாத வேல? அந்தப் பொண்ணு இன்னா சாப்பிடுமோ, எப்படி இருக்குமோ."

"எப்படி இருந்தா இன்னாடி? மொழி தெரியாத ஊட்ல வந்து மாட்டிக்கினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு திரும்பிப் போய் அவங்க அம்மாகிட்ட, எனக்கு அங்க இன்னொரு அம்மா கீறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும். அது போதும் எனக்கு" என்றாள்.

அவள் மனசாரச் சொன்னாள். மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடித்தாள். புது மெத்தை வாங்கினாள். குழாயில் வெந்நீர் வர ஹீட்டர் மாட்டினாள். சொந்தத் தங்கை வந்தபோதுகூட இந்த வீட்டில் ஹீட்டர் கிடையாது.

வந்த பெண்ணின் பெயர் சஸ்மிதா. ஒல்லியாக, கறுப்பாக, பெரிய கண்களோடு இருந்தாள். அவள் அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு டப்பா நிறைய உளுந்து வடகம் கொண்டுவந்திருந்தாள். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம வடகம் மாரியே கீதுடி" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு என் காதில், "பாரேன், இந்திக்காரி மாரியே இல்ல. நம்மள மாரி கீறா" என்றாள். அவர்கள் பேசுவது இந்தி இல்லை, ஒடியா என்று சொன்னேன். எதுவானால் என்ன, நம் பாஷை இல்லை என்று முடித்துவிட்டாள்.

முதல் மூன்று வாரங்களைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. நந்தினிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்த மாதம் இருந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டும் உடைந்த இங்கிலீஷில் பேசிக்கொள்ளும், அது போதாத இடத்தில் சிரித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லாரிகள் ஓடாதபோது தொழிற்பேட்டையின் அகல ரோட்டில் நந்தினி அவளுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். ஒரு நாள் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனாள். கடலையே பார்க்காத பெண். அலையைக் கண்டதும் ஓடிப்போய் உள்ளங்கையில் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டுத் துப்பினாளாம். அதை நந்தினி வந்து நடித்துக் காட்ட, அக்கா சிரித்த சிரிப்பு என் வீடு வரைக்கும் கேட்டது. தினமும் காலையில் இரண்டு பெண்களுக்கும் பின்னி, ஒரே முழத்தைக் கிள்ளி இரண்டு தலைக்கும் பூ வைப்பாள். சஸ்மிதா அவளை அம்மா என்று முதல் தடவை கூப்பிட்ட அன்றைக்கு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்து என்னிடம் சொன்னாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஒரு குறைதான். பெண் சரியாகச் சாப்பிடவில்லை. இட்லியைப் பிய்த்துப் பிய்த்து உட்கார்ந்திருக்கும். புளிக்குழம்பைக் கண்டால் தண்ணீர் டம்ளரைத் தேடும்.

"உனக்கு இன்னா வேணும், சொல்லு கண்ணு. எதுவா இருந்தாலும் செஞ்சு போடறேன்" என்று கேட்டாள் அக்கா. சஸ்மிதா வெட்கப்பட்டுக்கொண்டு போனில் ஒரு படம் காட்டினாள். பக்காள என்று பெயராம். பார்த்தால் நம் பழைய சோறு. தண்ணீரில் ஊறின சோறு, பக்கத்தில் பொரித்த கத்தரிக்காய், ஒரு மிளகாய்.

அக்கா பதறிவிட்டாள். "நல்லா கீதே! என் ஊட்டுக்கு வந்த பொண்ணுக்குப் பழைய சோறு போட்டேன்னு நாளைக்கு நாலு பேரு பேசறதுக்கா? அவங்க அம்மா இன்னா நெனப்பாங்க?"

அந்தப் பெண் கேட்டதை அன்றைக்கே கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கொஞ்சம் பழைய சோறு, ஒரு மிளகாய், அதோடு முடிந்திருக்கும். ஆனால் நமக்கு விருந்தாளி கேட்பதைக் கொடுத்துப் பழக்கமில்லை. நம் பெருமைக்கு எது தகுமோ அதைத்தான் கொடுப்போம். அக்கா விருந்து போடுவதென்று முடிவு செய்தாள், அதுவும் அவர்கள் ஊர் விருந்து. அதை யார் சமைப்பது? அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பின்னால் கடைசி ரூமில் ஒரு பையா ஒரிசாக்காரன். அவன் சமைத்தால் ஞாயிற்றுக்கிழமை சந்து முழுக்கக் கடுகு வாசனை அடிக்கும். அவனையே கூப்பிட்டுச் சமைக்கச் சொல்லிவிடலாம். பெண்ணுக்கும் ஆச்சரியமாக இருக்கும். யோசனையைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்து, தலையில் எண்ணெய் வைத்து வழித்து வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். வந்தவன் பழக்கத்தில் பின் கதவில் நின்றான். அக்காவே முன் கேட்டைத் திறந்துவிட்டு, "பையா, இந்தப் பக்கமா வா" என்றாள். அவன் தயங்கித் தயங்கி, செருப்பை வெளியே ரோட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தான். நான் காய் நறுக்கிக் கொடுத்தேன். சஸ்மிதா மாடியிலிருந்து இறங்கி வந்து, கடாயில் தாளிக்கிற வாசனையைப் பிடித்து அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அவள் ஏதோ கேட்டாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிறுத்தவே இல்லை. அவன் ஊரும் பலாங்கீர்ப் பக்கம்தானாம். அவள் ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவில் ஒரு குன்றுதானாம். அவள் அவனை மாமு என்று கூப்பிட்டாள். அம்மாவின் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நந்தினி சொன்னாள். இரண்டு வருஷமாக அந்த ரூமில் இருக்கிறவனுடைய பெயர் தனுர்ஜய் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் சிரித்தும் அன்றைக்குத்தான் பார்த்தோம். மேல் பல் ஒன்று இல்லை.

காய் போட்ட பருப்பு, கடுகு அரைத்து ஊற்றிய மீன், கீரைப் பொரியல், அவள் அம்மா கொடுத்த வடகத்தைப் பொரித்து நொறுக்கி வெங்காயம் போட்டு ஒன்று. எல்லாம் தயாரானதும் கூடத்தில் வாழை இலை போட்டாள் அக்கா. மூத்தார், நந்தினி, சஸ்மிதா, நான். சஸ்மிதாவின் இலையில் எல்லாவற்றையும் முதலில் வைத்து, தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்தது. ஒரு கவளம் உருட்டிவிட்டு, சட்டென்று நிமிர்ந்து, "மாமு?" என்று கேட்டாள்.

அக்கா அதற்குள் அவனுக்கு ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள். இரண்டு பேப்பர் தட்டில் சோறும் மீனும் குவித்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, பின் கதவு வழியாக நீட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இலையில் வைத்ததை விடப் பெரிய மீன் துண்டு அவன் தட்டில் இருந்தது. அதை நான் பார்த்தேன், சத்தியம் செய்வேன். "பையா, ரூமுக்கு எடுத்துக்கினு போய் நல்லா சாப்பிடு. கூட கீறவங்களுக்கும் குடு" என்றாள் வாய் நிறைய. அவன் ஆச்சரியப்படவே இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்திவிட்டு, சந்துப் பக்கம் நடந்தான்.

சஸ்மிதா எழுந்தாள். தன் இலையை நான்கு பக்கமும் சேர்த்து, சோறு சிந்தாமல் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, பின் கதவு வழியாக அவன் பின்னாலேயே போனாள். யாரையும் எதுவும் சொல்லவில்லை. கோபமாகப் பார்க்கக்கூட இல்லை. கடைசி ரூமின் தகரக் கதவு திறந்து சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கூடத்தில் நாங்கள் இலையில் கையை வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

இலையில் உட்கார்ந்த விருந்தாளி எழுந்து போவதென்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் அவமானம் கிடையாது. இதனால் சம்பந்தமே முறிந்துபோன வீடுகள் உண்டு. அக்கா வெறுமையாகிப்போன அந்த இடத்தைக் கையால் காட்டினாள்.

"நான் இன்னாடி தப்பு பண்ணேன்? சோறு போடாம அனுப்பினேனா? பெத்த பொண்ணுக்கு மாரி பாத்துக்கினேனே, எலைய விட்டு எழுந்து போறாளே!"

நந்தினி மெதுவாகத்தான் கேட்டாள். "நீ ஏம்மா அவருக்கும் ஒரு எல போடல?"

"அவன் நம்ம ஊட்டு வாடகைக்காரன்டி! இன்னிக்கி பக்கத்துல குந்த வெச்சு சோறு போட்டா, நாளைக்கி மோட்டார எப்போ போடுவன்னு ஊட்டுக்குள்ளாற வந்து கேப்பான். நாளன்னிக்கி வாடக ஏத்தினா அக்கா, மாமான்னு தலைய சொறிவான். உன் படிப்பு செலவு எதுல வருதுன்னு நெனச்சிக்கினு கீற?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான்!"

மூத்தார் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ரூம்கள் இருந்தால் நானும் அதையேதான் பேசியிருப்பேன். அதுதான் எனக்கு அதிகமாகக் கசக்கிறது.

சாயங்காலம் சஸ்மிதா திரும்பி வந்தாள். கையையும் முகத்தையும் கழுவிவிட்டு, நந்தினியின் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். மிச்சம் இருந்த ஒரு வாரமும் மரியாதைக்குக் குறைவில்லை. கூப்பிட்டால் வந்தாள், போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைத் தானே கழுவி வைத்தாள். அம்மா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் பின்னுவதற்குத் தலையைக் கொடுக்கவில்லை, தானே வாரிக்கொண்டாள். நந்தினியோடு பேசுவதும் குறைந்துபோனது. இரண்டு பெண்களும் மாடியில் பேசாமல் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. கிளம்புகிற அன்றைக்கு அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழவில்லை.

அதற்குப் பிறகு அக்கா செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளாவேன். சஸ்மிதா போன சில நாட்களில், சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தனுர்ஜயை ரூம் காலி செய்யச் சொன்னாள். அவன் வாடகை பாக்கி வைத்தவன் இல்லை, குடித்துவிட்டுக் கத்தியவன் இல்லை. தண்ணீர் பிடிக்கப் போகும்போது அவளைப் பார்த்தால் சிரிக்க ஆரம்பித்திருந்தான், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. அவள் வெட்கத்துக்கு அவன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அவன் ஒரு டிரங்குப் பெட்டியும் ஸ்டவ்வுமாகச் சந்தில் போனதை நந்தினி மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி அவள் என் வீட்டில்தான் சாப்பிட்டாள்.

"சஸ்மிதாவுக்குச் சொல்லிட்டேன் சித்தி" என்றாள். "எங்க அம்மா இப்படிப் பண்ணிட்டாங்கன்னு நானே எழுதிட்டேன். பாத்துட்டா, பதில் போடல."

தை மாதம் முடிந்ததும் நந்தினி ஒரிசாவுக்குப் போகவேண்டிய முறை வந்தது. சஸ்மிதாவின் வீட்டிலேயே தங்கவேண்டும், அதுதான் திட்டம். நந்தினி மாட்டேன் என்று அடம் பிடித்தாள். "எந்த மூஞ்ச வெச்சுக்கினு நான் அவங்க ஊட்ல போய் சாப்பிடறது?" என்று அம்மாவிடம் கத்தினாள். கடைசியில் சஸ்மிதாவே கூப்பிட்டு, எங்க அம்மா உன்னைப் பார்க்கணும்னு சொல்றாங்க, வா என்று சொன்ன பிறகுதான் துணிகளை எடுத்து வைத்தாள்.

அக்காவுக்கோ ஒரே பயம். அந்தப் பெண் அவள் அம்மாவிடம் என்ன சொல்லி வைத்திருப்பாள்? "பழிக்குப் பழின்னு என் பொண்ண ஒதுக்கி வெச்சு சோறு போடுவாங்களோடி?" என்று என்னைக் கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவளுக்கே தெரிந்தது போல. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் நந்தினி ரயில் ஏறின நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இன்னொரு அம்மா இருக்கிறாள் என்று அந்தப் பெண் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டவள், இப்போது தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் போதும் என்கிற இடத்துக்கு வந்துவிட்டாள்.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் நந்தினி வீடியோ காலில் வந்தாள். தனியாகப் பேசத் தைரியம் இல்லாமல் அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மண் சுவரும் ஓட்டுக் கூரையுமாக வீடு தெரிந்தது. நந்தினியின் நெற்றியில் சந்தனமும் அட்சதையும் ஒட்டியிருந்தன. வாசலில் நிற்க வைத்துக் காலைக் கழுவித்தான் உள்ளே கூட்டிப்போனார்களாம். மெத்தை அவளுக்குத்தானாம், வீட்டார் பாயிலாம். சாப்பிடும்போது சஸ்மிதாவின் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்களாம்.

"என்னப் பத்தி எதுனா சொன்னாங்களா?" என்று அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நல்ல விதமாதான்ம்மா சொல்லியிருக்கா. புது மெத்த போட்ட, ஹீட்டர் போட்ட, தல பின்னி பூ வெச்ச, எல்லாம் சொல்லியிருக்கா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல." நந்தினி ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். "அவங்க உங்கிட்ட பேசணும்னு காலையிலிருந்து காத்துக்கினு கீறாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியுமாம்."

"தமிழா? எப்படி?"

"கடம்பத்தூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில வருசக்கணக்கா வேல செஞ்சாங்களாம், சஸ்மிதா சின்னப் புள்ளயா இருக்கசொல்லோ. மொதல்ல அவளயும் தூக்கிக்கினு வருவாங்களாம், அப்பறம் அத்த ஊட்ல விட்டுட்டு வந்து போவாங்களாம். எனக்கே இங்க வந்துதான் தெரியும்."

அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நம் பக்கத்துச் சோற்றைத் தின்றவர்கள், நம் பாஷை பேசுகிறவர்கள், அப்படியானால் உறவு மாதிரிதானே என்று அவள் மனசு கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அந்த அம்மாள் போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். சஸ்மிதாவின் அதே பெரிய கண்கள். வயதுக்கு மீறின சுருக்கம். இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். பரிசு வாங்க மேடை ஏறின பிள்ளை மாதிரி ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் அக்காவுக்கு மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏய்! எந்திரி. சீக்கிரம். கல்லு அறு. பேசாத. தூங்காத. புள்ளய அப்பால போடு. ஊருக்கு அப்பறம். அழுவாத. போடி உள்ள."

ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, சரியா என்று பார்ப்பது போலத் தலையை ஆட்டினாள். பின்னால் நின்ற சஸ்மிதா அவள் தோளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அவளும் அவ்வளவு தமிழ் கற்றிருந்தாள். அந்த அம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். இத்தனை வருஷம் கழித்துத் தன் தமிழைக் கேட்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள், விடுவாளா? வா என்று ஒரு சொல் அவளிடம் இல்லை. உட்கார் என்று இல்லை. சாப்பிட்டாயா என்று இல்லை. அதெல்லாம் தமிழில் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

நந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவர்கள் பாஷையில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆசைப்பட்டாள் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் வாடகைக்கு விட்டு அவள் கற்றதும் 'சலோ', 'கிராயா', 'பானி பந்த்', அதாவது நட, வாடகை, தண்ணீர் நிறுத்தியாச்சு, இவ்வளவுதான், அதுவும் இந்தி. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் சிரிப்பு மாறாமல் காத்திருந்தாள். பிறகு நந்தினியிடம் ஏதோ கேட்டாள்.

"இன்னா கேக்கறாங்க?" என்றாள் அக்கா.

"தன் தமிழ் நல்லா கீதான்னு கேக்கறாங்கம்மா."

அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா பேசறாங்கன்னு சொல்லு" என்றாள்.

நந்தினி சொன்னாள். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. போனை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.